பேய்க்குக் கொஞ்ச நாள் லீவு கொடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மெயிலில் கதை அனுப்புகிறவர்கள் நம் வாசகர்களில் இத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பது இந்த மாதத் தபாலைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஒரே ரகச் சந்தேகங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறது, ஆளைத் தேடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு மேலாக வாரம் ஒரு கதை எழுதி நியூஸ்லெட்டராக அனுப்பி வருகிறேன். பெரும்பாலும் பேய்க் கதைகள். முந்நூற்றுச் சொச்சம் பேர் வாங்குகிறார்கள், இலவசம்தான். இப்போது எழுத உட்கார்ந்தாலே அலுப்பாக இருக்கிறது. பாழடைந்த பங்களா, நடுராத்திரி, கொலுசுச் சத்தம், முடிந்தது கதை. க்ரைமுக்கு மாறலாமா, சரித்திரக் கதைக்குப் போகலாமா, இல்லை மொத்தமாக நிறுத்திவிடலாமா? மூன்று கதைகளை இணைத்திருக்கிறேன். படித்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: மூன்றையும் படித்தேன். முதல் இரண்டும் நீங்களே சொன்ன மாதிரிதான், பங்களாவும் கொலுசும். கை பழகிவிட்டதால் சரளமாகப் போகிறது, படித்து முடித்து டீ குடிப்பதற்குள் மறந்துபோகிறது. மூன்றாவது அப்படியில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கும் அம்மா ஒருவர், அவருடைய அளவு நோட்டு, அதில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாடிக்கைக்காரியின் அளவும் குண்டூசியில் குத்திய பிட்டுத் துணியும். ரொம்ப வருஷமாக வராத ஒருத்தியின் பக்கத்தை அவர் திருப்புகிறார். குண்டூசி துருப்பிடித்து, பச்சைத் துணியில் கறை ஏறியிருக்கிறது. இடுப்பளவு எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறது. அந்த நாலு எண்களை வைத்தே அவளுடைய கல்யாணம், பிரசவம், அப்புறம் உடம்பு இளைத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். கடைசிப் பத்தியில் அவள் பேயாக வந்து நிற்கிறாள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பேய் எதற்கு? வாரா வாரம் பேய் வந்தாக வேண்டும் என்று நீங்கள் போட்டுக்கொண்ட கணக்குக்காக அதுவும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது.

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: இந்தக் கதைக்குத்தான் ஆச்சரியமாக நிறையப் பேர் பதில் போட்டார்கள், தங்கள் அம்மா ஜாக்கெட் தைத்த கடையைப் பற்றி ஒருவர் மூன்று பக்கம் எழுதினார். இதை இப்படி ஒரே வரியில் எழுதித் தாண்டிவிட்டு, அடுத்த வரியில் சரித்திரக் கதைக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்! நீங்கள் தேடுகிற புதிய பாதை அந்த வரியிலேயே இருக்கிறது.

க்ரைமுக்குப் போவதாலேயே ஒன்றும் மாறாது. பங்களாவுக்குப் பதில் பிணம், கொலுசுக்குப் பதில் இன்ஸ்பெக்டர், ஆறே மாதத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். வகையை மாற்றுவது வேறு, எழுதுகிற ஆள் எதைப் பார்த்தால் நின்றுவிடுகிறாள் என்று கண்டுபிடிப்பது வேறு. உங்களுக்கு அளவு நோட்டைப் பார்த்தால் நிற்கத் தோன்றுகிறது.

நம்மிடமே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது அவர் மனதில் முக்கியமாக இருந்தது விமர்சனம். தமிழில் சரியான இலக்கிய விமர்சனம் இல்லை, அதை உண்டாக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் தொடக்க இதழ்களிலேயே ந. பிச்சமூர்த்தியின் கவிதை வந்தது, அதைப் பார்த்துவிட்டு வேறு வேறு ஊர்களிலிருந்து புதிய ஆட்கள் யாப்பில்லாத கவிதைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். இது நம் திட்டத்தில் இல்லையே என்று செல்லப்பா அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை. இடம் கொடுத்தார், அதைப் பற்றி விவாதிக்கவும் இடம் கொடுத்தார், 1962இல் ‘புதுக்குரல்கள்’ என்று தொகுப்பாகவே போட்டார். இன்றைக்கு ‘எழுத்து’ என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது புதுக்கவிதைதான். விமர்சனத்தையும் அவர் விட்டுவிடவில்லை, அது வேறு விஷயம். கூப்பிடாமல் வந்து நின்றதை அவர் கவனித்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. (காசு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். மனிதர் புத்தகக் கட்டைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர்.)

சரி, என்ன செய்வது? பழைய மெயில்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டாம், யார் பதில் எழுதினார்கள், எந்த வரியைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள் என்று மட்டும் பாருங்கள். “சூப்பர் மேம்” கணக்கில் வராது. “எங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தார்” என்று ஆரம்பிக்கிற பதில்தான் கணக்கு. அப்புறம் உங்கள் கதைகளிலேயே, கதைக்குத் தேவையில்லாமல் நீங்கள் நீட்டி எழுதிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேய் வர நேரமாகும்போது நீங்கள் எதைப் பேசிக்கொண்டிருந்தீர்கள்? நான் படித்த மூன்றில் இரண்டில், பங்களா போகும் வழியில் ஏதோ ஒரு கடை வருகிறது, அந்தக் கடைக்காரர் பேயைவிட உயிரோடு இருக்கிறார்.

என்னைக் கேட்டால் நேராக அந்த அளவு நோட்டையே எடுத்துக்கொள்வேன். ஒரு தையல் கடை, ஒரு நோட்டு, ஒவ்வொரு மெயிலும் ஒரு பக்கம். மேலே பெயர், கீழே உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை, முன் கழுத்து, பின் கழுத்து. அதற்குக் கீழே கதை. இதில் உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்: “உள்ளே ஒரு இன்ச் விட்டுத் தைங்கக்கா, பின்னால பிரிச்சுக்கலாம்” என்று சொல்கிற பெண் என்ன நினைத்துக்கொண்டு சொல்கிறாள், பின் கழுத்தை இறக்கச் சொல்லும் மகளும் ஏற்றச் சொல்லும் அம்மாவும் ஒரே நேரத்தில் கடையில் நின்றால் தையல்காரம்மா யார் பேச்சைக் கேட்பார், தைத்து வைத்த துணியை வாங்கவே வராதவர்கள் ஏன் வரவில்லை. இதற்கெல்லாம் நிஜமாகவே ஒரு கடையில் போய் உட்கார வேண்டும். காஜா எடுக்க யாரிடம் கொடுக்கிறார்கள், ஓவர்லாக் மெஷின் சொந்தமா பக்கத்துக் கடையா, ஃபால்ஸ் தைப்பது யார் வீட்டுக்குப் போகிறது, இந்த விவரங்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்தால் வராது.

இன்னொன்று. மெயிலுக்குப் பத்திரிகைக்கு இல்லாத ஒரு வசதி உண்டு, அதை நீங்கள் இதுவரை தொடவே இல்லை. அது ஒரு குறிப்பிட்ட தேதியில், ஒரு ஆளுடைய பெட்டிக்குள், அவருக்கு வந்த மற்ற கடிதங்களோடு போய் விழுகிறது. 2021இல் மாட் கிர்க்லண்ட் என்பவர் ‘டிராகுலா டெய்லி’ என்று ஒரு நியூஸ்லெட்டர் ஆரம்பித்தார். ‘டிராகுலா’ 1897இல் வந்த நாவல், முழுக்க நாட்குறிப்பும் கடிதமும் தந்தியும் பத்திரிகைச் செய்தியும்தான், எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. அவர் அதைத் தேதிவாரியாகப் பிரித்து, மே 3 போட்ட குறிப்பை மே 3 அன்றே, அடுத்த நாள் குறிப்பை அடுத்த நாளே என்று நவம்பர் வரை அனுப்பினார். கதையில் அன்றைக்கு ஒன்றும் இல்லையென்றால் மெயிலும் வராது. கோட்டையில் மாட்டிக்கொண்டவனிடமிருந்து சில நாள் கடிதம் வராமல் போனால் படிக்கிறவர்களுக்கு நிஜமாகவே கவலை! அடுத்த வருஷம் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பழைய கதை, எல்லோருக்கும் முடிவு தெரியும், அவர் ஒரு வரிகூடப் புதிதாக எழுதவில்லை. தேதியை மட்டும்தான் கதைக்குள் கொண்டுவந்தார்.

கடிதமாகவே ஒரு நாவல் எழுதுவது நமக்கும் புதிதல்ல, மறைமலை அடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ 1921லேயே வந்துவிட்டது. தையல் கடைக்கோ தேதி தானாகவே இருக்கிறது. மே கடைசியில் பள்ளிச் சீருடை, ஆடியில் கல்யாணம் இல்லாததால் மெஷின் ஓய்வு, ஆவணி பிறந்ததும் முகூர்த்த ஜாக்கெட், தீபாவளிக்கு முன்னால் “ஆர்டர் எடுப்பதில்லை” என்று அட்டை, அதையும் மீறி உள்ளே வந்து கெஞ்சுகிறவர்கள், மார்கழியில் மறுபடி சும்மா. வாரம் ஒன்று என்ற கணக்கையே தூக்கிப் போடுங்கள். ஆடியில் மாதத்துக்கு ஒரு மெயில் போதும், அதுவும் நாலு வரி இருந்தால் போதும். தீபாவளி வாரத்தில் தினம் ஒன்று அனுப்புங்கள், மூச்சுத் திணறட்டும்.

முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீருடைக் காலத்தில் ஆரம்பித்துத் தீபாவளியோடு இந்த நோட்டு முடிகிறது என்று முதல் மெயிலிலேயே போட்டுவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, வாசகருக்கும் நிம்மதி. உங்கள் அலுப்பில் பாதி, இது எப்போது முடியும் என்று தெரியாததால் வருகிற அலுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

பேய் பிடித்த வாசகர்கள் சிலர் போய்விடுவார்கள். போகட்டும். எப்போதாவது நோட்டில் ஒரு பக்கம் தானாகத் திரும்பினால் அவர்களுக்கும் ஒன்று கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: என் கதை மெயிலை முன்பு பாதிப்பேர் திறந்தார்கள், இப்போது ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் பாதாளத்துக்குப் போகிறது. எழுத்து மோசமாகிவிட்டதா?
— வாசகர், மதுரை

பதில்: எழுத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் எண்ணைச் சந்தேகியுங்கள். மெயில் திறக்கப்பட்டது என்பதை அதற்குள் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை வைத்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயிலில் இப்படி வேவு பார்ப்பதைத் தடுக்கும் பாதுகாப்பை வைத்திருக்கிறவர்களுக்கு, ஆள் படிக்கிறாரோ இல்லையோ ஆப்பிளே படத்தை முன்கூட்டி இறக்கிவிடுகிறது. அவர்கள் எல்லோரும் படித்த கணக்கில் வந்துவிடுவார்கள்.

ஜிமெயிலில் இதற்கு நேர் எதிரான கூத்து. மெயிலின் அளவு 102 கேபியை (கிலோபைட்) தாண்டினால் ஜிமெயில் அதை வெட்டிவிட்டு, மீதியைப் படிக்க ஒரு சுட்டியை வைக்கும். இங்கே தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி நஷ்டம் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘அம்மா’ என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட். இதன் மேல் நியூஸ்லெட்டர் தளம் போடுகிற அலங்காரக் குறிகள் வேறு. மூவாயிரம் வார்த்தையைத் தொடும் கதை என்றாலே வெட்டுப்பட வாய்ப்பு இருக்கிறது. எண்ணுகிற அந்தச் சின்னப் படம் மெயிலின் அடியில் இருந்தால் அதுவும் வெட்டோடு போய்விடும், முழுக்கப் படித்தவரும் திறக்காதவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். நீளமான கதை அனுப்பிய மாதங்களில்தான் பாதாளமா என்று பாருங்கள். அப்படியென்றால் கதையை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். இடையில் நீங்கள் போடும் படங்களைக் குறைப்பதால் பெரிய லாபமில்லை, அவை வெளியிலிருந்து வருகிறவை, இந்த 102இல் சேராது.

அனுப்புவதற்கு முன்னால் உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு தடவை அனுப்பி, கடைசி வரி வரைக்கும் இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: தொடர்கதை பாதியில் நிற்கிறது. கதாநாயகனை எனக்கே பிடிக்கவில்லை, ஆட்டோக்காரராக வந்த ஒருவர்தான் இப்போது சுவாரஸ்யமாக இருக்கிறார். பாதியில் கதையைத் திருப்பினால் வாசகர்கள் ஏமாற்றம் என்று சொல்ல மாட்டார்களா? அவர்களிடமே ஓட்டெடுப்பு நடத்தலாமா?
— வாசகர், சேலம்

பதில்: திருப்புங்கள். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் எழுதியதில் பேர் வாங்கிக்கொடுத்த முதல் தொடரான ‘பிக்விக் பேப்பர்ஸ்’கூடப் பாதியில் திரும்பியதுதான். 1836இல் ராபர்ட் சீமோர் என்ற ஓவியர் வேட்டை, மீன்பிடிப்பு என்று நகரத்து ஆட்கள் தடுமாறுவதைக் கேலிப் படங்களாக வரைவார், அந்தப் படங்களுக்குத் தோதாக எழுத ஓர் ஆள் வேண்டும், அதற்காகத்தான் பதிப்பாளர்கள் 24 வயது டிக்கன்ஸைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் பகுதி வருவதற்குள் ஓவியர் இறந்துபோனார். டிக்கன்ஸ் படங்களைக் குறைத்து எழுத்தைக் கூட்டச் சொன்னார். அப்போதும் விற்பனை சில நூறுதான். நான்காம் பகுதியில், ஒரு விடுதியில் பூட்ஸ் துடைக்கிற சாம் வெல்லர் என்பவன் வந்து வாயைத் திறந்தான், அவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1837இல் முடிவதற்குள் ஒவ்வொரு பகுதியும் 40,000 வரை விற்றது.

ஓட்டெடுப்பு வேண்டாம். பூட்ஸ் துடைக்கிறவனைக் கொண்டுவா என்று எந்த வாசகர் கேட்டிருப்பார்? வாசகரிடம் கேட்டால் போன வாரம் பிடித்ததையே இன்னொரு தட்டு கேட்பார், அது அவர் தப்பில்லை. ஆட்டோக்காரர் வந்த பகுதிக்கு என்ன பதில் வந்தது என்று மட்டும் பாருங்கள். மாற்றத்தை அறிவிப்பாகப் போட்டு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அடுத்த பகுதியில் கதாநாயகன் ஆட்டோவிலிருந்து இறங்கிப் போகட்டும், கதை ஆட்டோவோடு போகட்டும்.

கேள்வி: நான் ஸ்கார்பரோவில் வளர்ந்தவள். யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்து மாதம் ஒரு கதை அனுப்புகிறேன், ஊர்க்கதை என்றால்தான் எங்கள் ஆட்கள் படிக்கிறார்கள். ஆனால் அங்கே நான் நின்ற நாட்கள் கொஞ்சம், அம்மம்மா சொன்னதெல்லாம் தீர்ந்துவிட்டது.
— வாசகி, கனடா

பதில்: தீர்ந்தது நல்லது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம் கொக்குவிலையும் எழுதினார், வேலைக்குப் போன ஆப்பிரிக்காவையும் பாகிஸ்தானையும் எழுதினார், கனடாவையும் எழுதினார். எதற்கும் யாரும் ஊர்க்கதை இல்லை என்று குறை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் ஊர் ஸ்கார்பரோ. 2023 ஜூலையில் தடம் புரண்டு, அதோடு மூடியே போன ஸ்கார்பரோ ஆர்டி ரயிலில் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள், உங்கள் அம்மா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அதில்தான் வந்திருப்பார். அந்த ஒரு ரயிலையும் அதற்குப் பதிலாக விட்ட பஸ்ஸையும் வைத்தே ஒரு வருஷம் ஓட்டலாம். அம்மம்மாவும் அந்த ரயிலில் ஏறியிருப்பாரே, அவர் அங்கே யாரிடம் என்ன பேசினார்? அதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: ஏஐயிடம் புதிய யோசனை கேட்டேன். இருபது கொடுத்தது, எல்லாமே நன்றாக இருக்கின்றன. எதை எடுப்பது?
— வாசகர், கோவை

பதில்: எதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு ஆளோ ஒரு தெருவோ ஒரு பழைய சண்டையோ ஞாபகம் வந்ததோ அதை. ஒன்றிலும் வரவில்லையென்றால் இருபதையும் விட்டுவிட்டு, பல்லடம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: எந்தத் தளத்தில் ஆரம்பித்தால் நிரந்தரமாக இருக்கலாம்?
— வாசகர், புதுச்சேரி

பதில்: நிரந்தரம் எங்கும் கிடையாது. அமேசானே 2021இல் ஆரம்பித்த தொடர்கதைத் தளம் ‘கிண்டில் வெல்லா’வை 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. மெயிலில் அனுப்புவதில் ஒரு சௌகரியம், சந்தாதாரர்களின் முகவரிப் பட்டியலை நீங்கள் கையோடு எடுத்துப் போகலாம். சப்ஸ்டாக் என்ற நியூஸ்லெட்டர் தளம் அதை எக்ஸெல்லில் திறக்கிற சிஎஸ்வி ஃபைலாகவே கொடுக்கிறது, எழுதியவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். எந்தத் தளமாக இருந்தாலும் அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள், மாதம் ஒரு தடவை இறக்கி வையுங்கள். இறக்கிய ஃபைலை லேப்டாப்பில் எந்த ஃபோல்டரில் போட்டோம் என்பதையும் எங்காவது குறித்து வையுங்கள்.